என் குறடும் அவள் பல்லும்

பனியன் கம்பெனியில் நான் ஃபிட்டராக இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் செய்த தப்பை ஒரு ஃபிட்டர்தான் செய்ய முடியும். வேறு எந்த வேலை பார்க்கிறவனும் தன் பெண்டாட்டியின் வாய்க்குள் குறடை விட்டிருக்க மாட்டான்.

அறுபதுகளில் திருப்பூரில் ஓடிய நிட்டிங் மெஷினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்பு வட்டம். அந்த வட்டத்தைச் சுற்றி ஊசிகள் நெருக்கி நிற்கும். மேலே நூல் சுற்றிய கோனிலிருந்து இழை இறங்கும், அடியில் துணி குழாய் போல இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே ஓர் ஊசி மயிரிழை சாய்ந்தால் போதும், துணியில் நெடுகக் கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்து எந்த ஊசி என்று கண்டுபிடித்து, குறடால் பிடித்து நிமிர்த்துவது என் வேலை. அளவுகோல் எதுவும் கிடையாது. கண்ணும் கையும்தான். நிமிர்த்திவிட்டு மெஷினை ஓட விட்டுக் காது கொடுத்துக் கேட்பேன். சத்தம் போட்டால் கோளாறு இருக்கிறது. சத்தம் போடாவிட்டால் செட்டிங் சரி. இதுதான் என் மொத்தப் படிப்பு. மனிதர்களையும் நான் இப்படியேதான் பார்த்தேன்.

கம்பெனியில் எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது. பேரைவிட மண்டைக்கனம் அதிகம் இருந்தது. மற்ற ஃபிட்டர்கள் அரை நாள் தலையைச் சொறிந்துகொண்டு உட்காருகிற மெஷினை நான் ஒரு பீடி அணைவதற்குள் ஓட்டிவிடுவேன் என்று நானே போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். யாரும் மறுத்துப் பேசியதில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் முகத்துக்கு நேராக மறுத்துப் பேச மாட்டார்கள். அதையும் நான் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி குன்னத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண். பெண் பார்க்கப் போன அன்று, எங்களுடன் வந்த என் பெரியப்பா உட்கார்ந்த பெஞ்சின் கால் முறிந்து, அவர் தாம்பாளத்தோடு தரையில் விழுந்தார். எல்லோரும் பதறி எழுந்தபோது உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு அல்ல, தோட்டத்தில் ஏற்றம் இறைக்கிறவனுக்குக் கேட்கிற சிரிப்பு. அவள் அம்மா உள்ளே ஓடிப்போய் அவளை அடக்கினாள். பெரியப்பா முறைத்துக்கொண்டு வேஷ்டியைத் தட்டினார். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். பெண்ணின் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சிரிப்பைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதம்.

கல்யாணமான மறு வருஷம் சித்திரையில் அவிநாசித் தேர் பார்க்கச் சைக்கிளில் கிளம்பினோம். கிளம்பும்போதே எனக்குக் கோபம். அவள் தலை சீவிப் பூ வைக்க நேரமாக்கிவிட்டாள் என்று கோபம். "நீ பூ வெச்சு முடிக்கறதுக்குள்ள தேர் நிலைக்கே போய்ச் சேர்ந்துரும்" என்று சொல்லிக்கொண்டே ஏறி மிதித்தேன். ரோடு முழுக்க மாட்டு வண்டிகள். ஒவ்வொரு வண்டியாக ஒதுங்கி ஒதுங்கி முந்தினேன். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவாப் போங்க. தேர் எங்கயும் ஓடிப் போயிராதுங்க."

அப்படிச் சொன்னதாலேயே இன்னும் அழுத்தி மிதித்தேன். என் குணம் அது. ரோட்டோரப் புழுதியில் முன்சக்கரம் புதைந்து சைக்கிள் குப்புறச் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவள் முகம் மைல்கல்லில் மோதிவிட்டது. மேல்வரிசையில் நடுப்பல் இரண்டும் போய்விட்டன. புதுச் சேலையின் முன்பக்கம் எல்லாம் ரத்தம். அந்த வாயோடு எழுந்து உட்கார்ந்து அவள் முதலில் கேட்டது, "உங்களுக்கு அடி பட்டுருச்சுங்களா?"

அந்தக் கேள்வியை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். வண்டிக்காரர்கள் முன்னால் என் மானத்தை வாங்கியிருக்கலாம். அவிநாசி வரை போகாமலே திரும்பினோம்.

ஒரு மாதம் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு நடமாடினாள். பிறகு அவளுக்கே சலித்துவிட்டது. நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு துவைகல். அந்தக் கிணற்றடியில் பெண்கள் பல்லைப் பற்றிக் கேட்டால், "சன்னல் வெச்ச ஊடுங்க, காத்தோட்டமா இருக்குது" என்பாள். அந்த ஓட்டையோடேயே பழையபடி சிரிக்க ஆரம்பித்தாள். கல்லக்காயை, அதுதான் நிலக்கடலையை, கடைவாயில் ஒதுக்கி மெல்லப் பழகிக்கொண்டாள். பனங்கிழங்கைக் கூட விட்டு வைக்கவில்லை. அவளுக்கு அது பெரிய குறையாகவே இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் வாயைத் திறந்தாலே எனக்கு மைல்கல் தெரிந்தது. அவள் சிரிக்கும்போது நான் சட்டைப் பையில் எதையோ தேடுவேன், இல்லாவிட்டால் வாசல் பக்கம் பார்ப்பேன். பல் கட்டிக்கொள் என்று நச்சரித்தேன். "எதுக்குங்க? சோறு இறங்குது, போதாதுங்களா?" என்றாள். நான் விடவில்லை. அவளுக்காகச் செய்வதாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். பொய். எனக்காகத்தான் செய்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு மாடியில் ஒருவர் நன்றாகப் பல் கட்டுகிறார் என்று எங்கள் கட்டிங் மாஸ்டர் சொல்லி, அங்கே கூட்டிப்போனேன். படிப்பு என்ன என்று நான் விசாரிக்கவில்லை. அவரிடம் காலால் மிதிக்கிற மெஷின் ஒன்று இருந்தது. தையல் மெஷின் மாதிரி பெடல், மேலே கயிற்றுப் பெல்ட், அதன் முனையில் பல்லைத் தேய்க்கிற ஊசி. பெண்டாட்டி நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, நான் அந்தப் பெல்ட் எப்படி ஓடுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ட் தொய்வாக இருந்தது. மெஷினைச் சரியாக வைத்துக்கொள்ளாத ஆள் வேலையைச் சரியாகச் செய்வானா என்று எனக்கு அங்கேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது பெல்ட்டை எப்படி இறுக்கலாம் என்பதுதான்.

அவர் சொன்னார், "போன பல்லுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற பல்லைத் தேய்ச்சுச் சின்னதாக்கி, அது மேல தொப்பி மாதிரி மெட்டலை மாட்டணும். அந்தத் தொப்பி ரெண்டும் நடுவுல பொய்ப்பல்லைத் தூக்கிக்கும். இதுக்கு பிரிட்ஜுன்னு பேரு."

அவள் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, அது ரண்டும் நல்ல பல்லுதானுங்களே? அதை எதுக்குங்க தேய்க்கோணும்?"

அவரைத்தான் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன்.

"தூணில்லாம பாலம் எப்படி நிக்கும்? நீ சித்தே சும்மா இரு அம்மிணி."

அவள் சும்மா இருந்தாள். இரண்டு நல்ல பற்களும் குச்சியாகத் தேய்ந்தன.

மறு வாரம் போய்ப் பாலத்தை ஒட்டிக்கொண்டு வந்தோம். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நடுவில் இரண்டு வெள்ளைப் பல், பக்கத்தில் இரண்டு மெட்டல் பல். ஆனால் வாயை மூடினால் பொய்ப்பல் கீழ்ப்பல்லில் முட்டியது. உதடு சேரவில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சோற்றுப் பருக்கை போய் உட்கார்ந்துகொண்டது. "பழகிடும்" என்றார் அவர். பஸ்ஸில் வரும்போது அவளிடம் நானும் அதையே சொன்னேன். "பழகிக்கறேனுங்க" என்றாள்.

இருபது நாளில் ஒட்டு விட்டுப் போய்க் கழன்றுவிட்டது. மறுபடி கோயம்புத்தூர். மறுபடி ஒட்டினார். மறுபடி கழன்றது. மூன்றாம் தடவை மாடி ஏறினால் கதவில் பூட்டு. போர்டையும் காணோம். கீழே இருந்த கடைக்காரர், அவர் ஊரை விட்டே போய்விட்டார் என்றார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. என் மனைவி பாலத்தைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றாள்.

"விட்ருங்க. முன்னாடி மாதிரியே இருந்துக்கறனுங்க" என்றாள்.

முன்பு மாதிரி இருக்க முடியாது. தேய்த்த பல் இரண்டும் திறந்து கிடந்தன. பச்சைத் தண்ணீர் பட்டாலே துள்ளினாள். அதைவிட, தோற்றுப்போய்த் திரும்ப எனக்கு மனசில்லை. பஸ்ஸில் அந்தப் பாலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தொப்பியின் வாய் அகலமாக இருந்தது. பல் சிறியது, தொப்பி பெரியது. இவ்வளவுதானே கோளாறு என்று நினைத்தேன். ஒரு வட்டம் ஊசியை மயிரிழை பிசகாமல் நிறுத்துகிறவனுக்கு இது ஒரு வேலையா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து வாசற்படியில் அவளை உட்கார வைத்தேன். ஊசி நிமிர்த்துகிற குறடை வெந்நீரில் போட்டு எடுத்து, பனியன் வேஸ்ட் துணியால் எண்ணெய் போகத் துடைத்தேன். தொப்பியின் விளிம்பைக் குறடால் சுற்றிலும் உள்பக்கமாக நெருக்கினேன். மாட்டிப் பார்த்தேன். கழற்றினேன். இன்னும் கொஞ்சம் நெருக்கினேன். முட்டுகிற இடத்தை அரத்தால் ராவினேன். கடைசியில் கட்டை விரலை வைத்து மேல்நோக்கி ஓர் அழுத்து அழுத்தியதும் 'டக்' என்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"எப்பிடி இருக்குது?"

"சரியா இருக்குதுங்க."

அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. வெயில் நேராக முகத்தில் அடித்தது, அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கம்பெனியில் ஊசியையும் நூலையும் விட்டுவிட்டு இதையேதான் பேசினேன். "நீ பல் டாக்டராப் போயிருக்கோணும்ப்பா" என்றார் கட்டிங் மாஸ்டர். அவர் கிண்டல் செய்தாரா, நிஜமாகச் சொன்னாரா என்று நான் யோசிக்கவே இல்லை. நான் சிரித்தேன்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தொப்பி தளரும். நான் குறடை எடுத்துக்கொண்டு உட்காருவேன். "வா, சர்வீஸ் பண்ணிரலாம்" என்பேன். அவள் வந்து உட்காருவாள். நெருக்குவேன், அழுத்துவேன், 'டக்'. எப்படி இருக்கிறது? சரியாக இருக்கிறது. இப்படியே வருஷங்கள் போயின. நடுவில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதும் வந்தது. என் மனைவி ஒரு நாள் கூட வலிக்கிறது என்று சொன்னதில்லை. சத்தம் போடாத மெஷின்.

தொப்பி ஏன் தளர்கிறது என்று நான் ஒரு தரமாவது கேட்டிருக்க வேண்டும். மெட்டல் எங்கே தானாக விரியும்? உள்ளே பல் கரைந்துகொண்டிருந்தது. பல் கரையக் கரையத் தொப்பி ஆடியது, தொப்பி ஆட ஆட நான் நெருக்கினேன். நெருக்கிய விளிம்பு ஈறுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முந்தானை முடிச்சில் எப்போதும் கிராம்பு இருந்தது. "சூடு, அதிகம் திங்காத" என்று நான் அறிவுரை வேறு சொன்னேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. புருஷன் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பெண்டாட்டி தட்டைப் போடுவாள். நான் சாப்பிடும்போது அவள் பரிமாறுவாள். நான் கை கழுவிக்கொண்டு வெளியே போனதும் அவள் சாப்பிடுவாள். பாலம் வைத்த பிறகு என் மனைவி சாப்பிட்டதை நான் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. அவள் சிரிக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். உதட்டை மூடிக்கொண்டு ஒரு புன்னகை, அவ்வளவுதான். குழந்தை பெற்றவள், பொறுப்பு வந்துவிட்டது, குரல் அடங்கிவிட்டது என்று நானாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சிரிப்பை நான் தேடக்கூட இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கரண்ட் வெட்டு வந்தது. ஒரு நாள் காலை பத்தரைக்கே கம்பெனியில் மோட்டார் நின்றது. சாயங்காலம்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று காலையில் சைக்கிள் பஞ்சராகிக் கடையில் விட்டிருந்தேன். நடந்தே வீட்டுக்கு வந்தேன். சந்து முனையிலிருந்து எங்கள் வாசல் வரை சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போவது என் பழக்கம். அன்று மணி இல்லை.

சந்து திரும்பும்போதே அந்தச் சிரிப்புக் கேட்டது.

நான் நின்றுவிட்டேன். பெரியப்பா பெஞ்சிலிருந்து விழுந்த அன்று கேட்ட அதே சிரிப்பு. வருஷக் கணக்காக என் வீட்டில் இல்லாத சிரிப்பு. எனக்கு ஒரு நொடி அவ்வளவு சந்தோஷம். யாரோ எதையோ திருப்பிக் கொடுத்த மாதிரி வேகமாக நடந்தேன்.

கிணற்றடியில் நான்கைந்து பெண்கள் வேகவைத்த கல்லக்காயை நடுவில் குவித்துத் தோல் உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் என் மனைவி. தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுக்கத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் பாலம் இல்லை. நடுவில் பெரிய ஓட்டை, இரண்டு பக்கமும் கறுப்பாக இரண்டு முளை. அவளுக்குப் பக்கத்தில் துவைகல்லின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர். அதற்குள் நான் நெருக்கி நெருக்கி வைத்திருந்த பாலம் கிடந்தது.

முதலில் என்னைப் பார்த்தது அடுத்த வீட்டுக்காரி. அவள் பேச்சை நிறுத்தியதும் மற்றவர்கள் திரும்பினார்கள். என் மனைவி திரும்பினாள். மோட்டார் நின்ற மாதிரி சிரிப்பு நின்றது. அவள் கை தானாக டம்ளருக்குப் போனது. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். குனிந்தாள். தோள் இரண்டும் காது வரை உயர்ந்து அப்படியே நின்றன. பிறகு அந்தச் சத்தம். 'டக்'. அது எவ்வளவு வலிக்கிறது என்று அவள் தோளைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அவள் எப்போதும் முகத்தைத்தான் காட்டியிருக்கிறாள்.

திரும்பி வாயை மூடிக்கொண்டு கேட்டாள், "இன்னிக்கு நேரங்காலமாவே வந்துட்டீங்க? சோறு போடட்டுங்களா?"

அவள் உள்ளே போன பிறகு அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்டேன். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். அவள் கல்லக்காய்த் தோலை முறத்தில் அள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளென்னுங்ணா நாளு. நீங்க கம்பெனிக்குப் போனா அது டம்ளருக்குப் போயிரும். உங்க சைக்கிள் மணி கேட்டா வாய்க்குப் போயிரும். லைன்ல எல்லாருக்கும் தெரியுமுங்க."

எல்லாருக்கும் தெரியும். என் மகளுக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. கோடு விழுந்தால் எந்த ஊசி என்று தொட்டுக் காட்டுகிற எனக்கு மட்டும்.

உள்ளே போனேன். அவள் தட்டை வைத்துக்கொண்டிருந்தாள். "அதைக் கழட்டு" என்றேன். என் குரல் கோபமாகத்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு வேறு குரல் வராது. அவள் பயந்துவிட்டாள்.

"கழுவறதுக்குத்தானுங்க எடுத்தேன். மறுபடி மாட்டிக்கிட்டனுங்க."

"வலிக்குதுன்னு ஏன் சொல்லலே? இத்தனை வருசம் நானும் கேட்டுக்கிட்டேதான இருந்தேன்?"

அவள் தட்டில் சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். பிறகு தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"பல்லில்லாத வாயைப் பார்த்தா நீங்க மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்குவீங்க. அதுக்கு இந்த வலி தேவலைங்க."

என்னால் அந்தச் சோற்றைத் தொட முடியவில்லை. குற்றம் செய்தவன் நான், கண்ணைத் தாழ்த்தியவனும் நான். அவளோ, தன் வாய் எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அத்தனை வருஷம் இருந்திருக்கிறாள். இல்லை, மைல்கல்தான் ஞாபகம் வந்தது, என்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இப்படியெல்லாம் பெண்டாட்டியிடம் பேசுகிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை. அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

மறு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயது. பாலத்தைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தூண் என்று நான் சொன்ன பல் இரண்டும் வேர் வரை அழுகியிருந்தன. அவற்றை அடுத்த பல்லும் இரண்டு பக்கமும் ஆடியது. நாலையும் எடுத்தாக வேண்டும் என்றார். இனிமேல் பாலம் எதுவும் கட்ட முடியாது, அந்த இடத்தில் எலும்பே கரைந்துவிட்டது என்றார். பிறகு தொப்பியின் விளிம்பைக் காட்டிக் கேட்டார், "இதை யாரும்மா இப்படி நெருக்கினது? ஈறு முழுக்க அறுத்திருக்கு."

நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். என் சட்டைப் பையில் அந்தக் குறடு இருந்தது. வேலைக்குப் போகிறவன் பையில் அது எப்போதும் இருக்கும்.

"நானாத்தானுங்க. சும்மா இருக்காம கொட்டையக் கடிச்சுப் போட்டனுங்க" என்றாள் அவள்.

கொட்டையைக் கடித்தால் மெட்டல் அப்படி நெளியாது என்று டாக்டருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வரும். நான் வாயைத் திறக்கவில்லை. சத்தம் போடாத மெஷினாக நானும் நின்றேன்.

பல் எடுத்த புண் ஆறியது. அதன் பிறகு நான் அவள் முகத்தை நேராகப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். பேசும்போது கண்ணை எடுக்கவில்லை. அதுவும் தப்பாகப் போயிற்று. ஒரு நாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள், "கோடு விழுந்த துணியைப் பார்க்கற மாதிரி என்னையப் பார்க்காதீங்க." நான் பார்த்தாலும் அவளுக்குக் கஷ்டம், பார்க்காவிட்டாலும் கஷ்டம். இரண்டையும் நான்தான் பழக்கினேன்.

கம்பெனியில் அதே குறடுதான். வேலைக்கு அது வேண்டும். தினம் காலையில் அதை எடுத்து ஊசியைப் பிடிக்கும்போது ஒரு தடவை கை நிற்கும். பிறகு மெஷின் ஓடும்.

ஒரு சாயங்காலம் மணியடிக்காமல் சந்துக்குள் நடந்து பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடைசல் எதுவும் இல்லாத வாயில் சிரிப்பு இன்னும் பெரிதாகவே வந்தது. நான் எதிரே போய் நின்றதும் கை வாய்க்குப் போனது, தோள் உயர்ந்தது. மாட்டுவதற்குப் பாலம் இல்லை. ஆனாலும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு மணியடிக்காமல் நான் அந்தச் சந்துக்குள் போனதில்லை.

அந்த லைன் வீட்டில் இருந்த மிச்ச வருஷங்கள் எல்லாம் நான் செய்தது ஒன்றுதான். சந்து முனையில் இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, மணியின் மேல் கையை வைத்து அதிராமல் பிடித்துக்கொண்டு நிற்பேன். கிணற்றடியிலிருந்து அவள் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாது. கொஞ்ச நேரம் கேட்பேன். பிறகு மணியடிப்பேன். சிரிப்பு நின்றுவிடும். நான் வீட்டுக்குப் போவேன்.